மான் வேட்டைக்கு நிலாக் கணக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

மலையோரன் (பென்சில்வேனியா), 12 அக்டோபர் 2025

அனைவருக்கும் வணக்கம். மத்திய பென்சில்வேனியாவில் ஐந்து பருவங்களாக வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்றுவருகிறேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், சோலூனார் அட்டவணை ஒன்று எப்போதும் ஒட்டப்பட்டிருக்கும். நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் ராகு காலமும் எமகண்டமும் போட்டிருப்பதைப் போல, அதில் ஒவ்வொரு நாளுக்கும் மான் நடமாடும் நேரம் போட்டிருக்கும். நிலா உச்சியில் இருக்கும்போதும், நம் காலடிக்கு நேரே பூமியின் மறுபக்கத்தில் இருக்கும்போதும் இரண்டிரண்டு மணி நேரம் ‘மேஜர்’. நிலா எழும்போதும் மறையும்போதும் ஒவ்வொரு மணி நேரம் ‘மைனர்’. நிலா நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து வருவதால், இந்த நேரங்களும் தினமும் தள்ளிக்கொண்டே போகும்.

கடந்த ஆண்டு நவம்பரில் நான் இந்த அட்டவணையை முழுவதும் நம்பி நடந்துகொண்டேன். பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலை, மேஜர் பத்தரை மணிக்குத்தான் தொடங்குகிறது என்று போட்டிருந்ததால், எட்டேகால் மணிக்குப் பரணிலிருந்து இறங்கி, வண்டியில் வைத்திருந்த இட்டிலியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிவிட்டு ஏணியின் மூன்றாவது படியில் கால் வைத்தபோது, உலர்ந்த இலை நொறுங்கும் ஓசை கேட்டது. இருபது கஜத் தொலைவில் ஓர் ஆண்மான், மூக்கைத் தரையோடு தரையாக வைத்து, ஏதோ ஒரு பெண்மானின் தடத்தை முகர்ந்துகொண்டே போயிற்று. வில் தரையில் கிடந்தது. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன். அது போன பிறகு மறுபடியும் ஏறி, பத்தரை முதல் பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். அணில்களைத் தவிர எதுவும் வரவில்லை.

ஒரு காலை நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது தெரியும். என் குறிப்பேட்டில் அட்டவணையோடு பொருந்திய நாள்களும் நிறைய இருக்கின்றன. அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பு நாள்கள் சொற்பம். அவற்றை நிலாவைப் பார்த்து எடுப்பதா, வானிலையைப் பார்த்து எடுப்பதா என்பதுதான் என் சிக்கல். பௌர்ணமி இரவில் மான்கள் விடிய விடிய மேய்ந்துவிட்டுக் காலையில் படுத்துக்கொள்கின்றன என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது உண்மையா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வைகறை (விஸ்கான்சின்), 13 அக்டோபர் 2025

மலையோரன் தம்பிக்கு, இருபத்தேழு ஆண்டுகளாக மீன் பிடிக்கவும் மான் வேட்டையாடவும் சோலூனார் பார்த்துச் செல்பவன் என்ற முறையில் என் தரப்பைச் சொல்கிறேன். இந்த அட்டவணையை ஜோதிடம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர், மீன்கள் எப்போது இரை எடுக்கின்றன என்பதைப் பற்றிய நாட்டுப்புற வழக்குகளை 1926 முதல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, சூரியன், நிலா, கடலின் ஏற்றவற்றம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 1936 இல் முதல் அட்டவணையை வெளியிட்டார். சோலூனார் என்ற பெயரே சூரியனையும் நிலாவையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து அவர் உண்டாக்கியதுதான்.

1954 இல் ஃபிராங்க் பிரவுன் என்ற உயிரியலாளர் செய்த சோதனையையும் சொல்ல வேண்டும். கனெக்டிகட் கடற்கரையில் எடுத்த சிப்பிகளைக் கடலே இல்லாத இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய், வெளிச்சம் படாத அறையில் நீரில் வைத்தார். முதலில் சொந்தக் கடற்கரையின் ஏற்றவற்ற நேரப்படி வாய் திறந்த சிப்பிகள், இரண்டு வாரத்தில் எவன்ஸ்டனில் நிலா உச்சிக்கு வரும் நேரத்துக்கு மாறிக்கொண்டன என்று அவர் எழுதினார். சிப்பிக்கே நிலா தெரிகிறது என்றால் மானுக்குத் தெரியாதா?

என் அனுபவத்தில் வளர்பிறை அட்டமியும் தேய்பிறை அட்டமியும்தான் மிகவும் வாய்த்த நாள்கள். ஊரில் என் அம்மா அட்டமி நவமியில் ஒரு புதுத் துணிகூட உடுத்த விட மாட்டார்; இங்கே நான் அந்த நாளாகப் பார்த்து விடுப்பு எடுக்கிறேன். மேலும், இலையுதிர்காலச் சம இரவு நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது பௌர்ணமிதான் மான்களின் இணைசேரும் பருவத்தைத் தூண்டுகிறது என்று இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு ‘ரட்டிங் மூன்’ என்றே பெயர். இந்த ஆண்டு அது நவம்பர் 5 ஆம் நாள் வருகிறது. அன்றைய நிலா சுமார் 3,57,000 கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கிவருவதால், இந்த ஆண்டிலேயே பெரிய பௌர்ணமியும் அதுதான். அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

கணக்கன் (ஒஹாயோ), 13 அக்டோபர் 2025

வைகறை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அட்டவணை சரியாக இருப்பதுபோல் தோன்றுவதற்கு மானும் வேண்டாம், நிலாவும் வேண்டாம், கடிகாரம் ஒன்றே போதும் என்பதைக் காட்ட முயல்கிறேன்.

இரண்டு மேஜருக்கு 4 மணி நேரம், இரண்டு மைனருக்கு 2 மணி நேரம், ஆக ஒரு நாளில் 6 மணி நேரம் ‘நல்ல நேரம்’. அதாவது நாளில் கால் பங்கு. மான்கள் நிலாவைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் நடமாடினாலும், நீங்கள் பார்க்கும் நான்கு மான்களில் ஒன்று இந்த நேரத்துக்குள் விழுந்துதான் தீரும். அதோடு நாம் எல்லாரும் தாராள மனத்தினர்; மேஜர் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் மான் வந்தாலும், முடிந்து அரை மணி கழித்து வந்தாலும், ‘அட்டவணை சொன்னபடியே வந்தது’ என்றுதான் எழுதுவோம். அந்தச் சலுகையைச் சேர்த்துக்கொண்டால் மேஜர் மும்மூன்று மணி நேரம், மைனர் இரண்டிரண்டு மணி நேரம், மொத்தம் 10 மணி நேரம் ஆகிறது. நாளில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலே நல்ல நேரமாக இருக்கும் ஒரு பஞ்சாங்கம் எப்படிப் பொய்க்கும்?

அட்டமியின் சிறப்பும் இதே வகைதான். அரை நிலா நாள்களில் நிலா உச்சிக்கும் காலடிக்கும் வரும் நேரம் ஏறத்தாழக் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் ஆகும். வெள்ளைவால் மான் விடியலிலும் அந்தியிலும் மிகுதியாக நடமாடும் விலங்கு என்பது நிலாவைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் தெரிந்த செய்தி. அட்டமி அன்று மேஜர் பொழுது அந்தியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தியில் வந்த மானின் பெருமை மேஜருக்குப் போய்விடுகிறது. நீங்கள் வேறு நாள்களின் அந்தியிலும் அதே அளவு உட்கார்ந்து பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. அட்டமி பார்த்து விடுப்பு எடுப்பவருக்கு ஒப்பிடுவதற்கு மற்ற நாள்களே கையில் இருக்காது.

சிப்பிச் சோதனைக்கு ஒரு பின்கதை உண்டு. பிரவுனின் கணக்கீட்டு முறையை ஐயுற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தின் லமான்ட் கோல், தற்செயல் எண்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, அது இல்லாத விலங்காகிய ஒற்றைக்கொம்புக் குதிரையின் உடலியக்க அளவு என்று வைத்துக்கொண்டு, அதே முறையில் கணக்குப் போட்டார். அந்த விலங்குக்கும் அழகான ஒரு தாளம் கிடைத்தது. 1957 இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. நான் புள்ளியியல் கற்பிக்கும் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரம் இதைத்தான் சொல்கிறேன்.

ஏற்றவற்ற விசையைப் பொறுத்தவரை, அது கடல் போன்ற மிக அகன்ற நீர்ப்பரப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பேரேரிகளிலேயே நிலாவால் எழும் ஏற்றம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு மானின் உடலுக்குள் அது என்ன செய்துவிடப்போகிறது?

மலையோரன் (பென்சில்வேனியா), 13 அக்டோபர் 2025

கால் பங்குக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நீங்கள் சொன்ன சலுகையை நான் ஐந்து ஆண்டுகளும் கொடுத்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஓரிடத்தில் ‘மேஜர் முடிந்து 50 நிமிடம், ஆனாலும் பொருந்துகிறது’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் நேரடியாக மான்களை அளந்து பார்த்தவர்கள் யாரும் இல்லையா?

கணக்கன் (ஒஹாயோ), 14 அக்டோபர் 2025

இருக்கிறார்கள், அதுவும் உங்கள் ஊரிலேயே. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்திவரும் மான்–காடு ஆய்வில், மான்களுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டி அவை எவ்வளவு தொலைவு நடக்கின்றன என்று பார்க்கிறார்கள். பிறைக்கும் நடைக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதையும் அவர்கள் காணவில்லை. ஓக்லஹோமாவில் நோபிள் அறக்கட்டளையின் நிலத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இடத்தைப் பதியும் பட்டைகளை வைத்துச் செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும் உச்சத்துக்குப் போகிறது, பருவத்தைப் பொறுத்தும் ஆண், பெண் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது, நிலாவுக்கு அதில் சொல்லும்படியான பங்கு இல்லை. கழுத்துப்பட்டையின் சிறப்பு என்னவென்றால், அதற்கு விடுப்பு வேண்டாம், அது பசித்து இட்டிலிக்காக இறங்காது.

தமிழரசி (டெக்சாஸ்), 14 அக்டோபர் 2025

இணைசேரும் பருவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வைகறை ஐயா சொன்ன இரண்டாவது பௌர்ணமிக் கொள்கையை நானும் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அந்தப் பௌர்ணமி ஆண்டுதோறும் ஒரே நாளில் வருவதில்லை. 2023 இல் அக்டோபர் 28. 2024 இல் நவம்பர் 15. இந்த ஆண்டு நவம்பர் 5. நிலாதான் தூண்டுகோல் என்றால் 2023 க்கும் 2024 க்கும் இடையில் இணைசேரும் பருவம் பதினெட்டு நாள் தள்ளிப்போயிருக்க வேண்டும். பெண்மானின் சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள் என்பதால், குட்டிகள் பிறக்கும் காலமும் அதே அளவு தள்ளிப்போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. சாலையில் வண்டி மோதி இறந்த பெண்மான்களின் வயிற்றிலுள்ள கருவை அளந்து, கருத்தரித்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிடும் வேலையைப் பென்சில்வேனியா வேட்டை ஆணையம் உட்படப் பல மாநிலத் துறையினர் செய்திருக்கிறார்கள். வடக்கு மாநிலங்களில் உச்சம் ஆண்டுதோறும் நவம்பர் நடுப்பகுதியிலேயே நிற்கிறது. தூண்டுகோல் பகலின் நீளம் குறைவது. இரவு நீள நீள மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு நீள்கிறது, அதிலிருந்து மற்றவை தொடங்குகின்றன. பிரிட்டனில் இலையுதிர்காலத்தில் கத்தும் செம்மான், நியூசிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கத்துகிறது. இரண்டு நாட்டுக்கும் பௌர்ணமி ஒன்றே. பகலின் நீளம்தான் தலைகீழ்.

இதற்கு விலக்காக இருப்பது நம் புள்ளிமான். 1932 இல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு, இப்போது எங்கள் எட்வர்ட்ஸ் மேட்டுநிலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிக் கிடக்கிறது. வெளிநாட்டு விலங்கு என்பதால் அதற்கு இங்கே மூடுபருவம் (வேட்டைக்குத் தடையான காலம்) இல்லை. ஒரே கூட்டத்தில் ஓர் ஆண்மானுக்குக் கொம்பு முற்றியிருக்கும், இன்னொன்றுக்கு இன்னும் மென்தோல் போர்த்தியிருக்கும், மூன்றாவது அப்போதுதான் கொம்பை உதிர்த்திருக்கும். வெப்பமண்டலத்தில் பகலின் நீளம் அதிகம் மாறாததால், அந்தக் கடிகாரம் அதன் உடலில் தளர்வாகவே இருக்கிறது. முதன்முதலில் எங்கள் பக்கத்துப் பண்ணையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது, கிண்டிப் பூங்காவின் வேலிக்கு வெளியே நிற்பதைப் போல இருந்தது. பிறகுதான் கையில் துப்பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது.

மட்டுறுத்துநர், 14 அக்டோபர் 2025

இழை நல்ல முறையில் செல்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: பென்சில்வேனியாவிலும் டெக்சாஸிலும் வெள்ளைவால் மானை வேட்டையாடும் நேரம் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை மட்டுமே. நிலவொளியிலோ விளக்கு அடித்தோ மானைச் சுடும் வழிமுறைகளைப் பற்றிய பதிவுகள் இங்கே நீக்கப்படும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்குள்ள நண்பர்கள் பார்த்ததைப் பற்றி மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கூடலூரான் (நீலகிரி), 15 அக்டோபர் 2025

நான் வேட்டைக்காரன் அல்லன். முதுமலைப் பக்கம் வளர்ந்து, கானுயிர் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சில முறை போனவன். நீங்கள் எல்லாரும் நிலாவின் ஈர்ப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். காட்டில் இருப்பவனுக்கு நிலா என்றால் வெளிச்சம், அவ்வளவுதான். அதைப் பற்றிச் சொல்லலாமா?

மசினகுடிப் பக்கம் இரவில் வண்டியில் போனால், புள்ளிமான்கள் வீடுகளை ஒட்டிய வெட்டவெளியில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். புதருக்குள் படுத்தால் சிறுத்தை வந்து கழுத்தைப் பிடிக்கும் வரை தெரியாது என்பதால், பார்வை எட்டும் இடத்தையே அவை இரவில் தேடுகின்றன. புலியும் சிறுத்தையும் இருளில் வேட்டையாடுபவை; ஆகவே நிலவு இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் ஊர் மானுக்கு உயிர்ப் பிரச்சினை. தான்சானியாவில் சிங்கம் மனிதர்களைத் தாக்கிய நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பௌர்ணமிக்கு அடுத்த நாள்களில், நிலா எழும் முன் இருட்டு நீளும் மாலைப் பொழுதுகளில்தான் தாக்குதல் அதிகம் என்று 2011 இல் ஓர் ஆய்வு வெளியானது. இரவில் வேட்டையாடும் விலங்கு இருக்கும் காட்டில் நிலாவுக்கு உறுதியாக ஒரு பங்கு உண்டு.

ஆனால் உங்கள் பென்சில்வேனியாவில் ஓநாயும் மலைச்சிங்கமும் (பூமா) பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன என்று படித்திருக்கிறேன். கரடியும், ஓநாயை ஒத்த சிறு விலங்காகிய கயோட்டியும் பெரும்பாலும் குட்டிகளைத்தான் பிடிக்கின்றன. வளர்ந்த மானுக்கு அங்கே இருக்கும் பெரிய வேட்டையாடி மனிதன். அவனுக்கோ மேலே மட்டுறுத்துநர் சொன்னபடி அரசு வேலை நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அந்த மானுக்கு இரவு முழுவதும் பாதுகாப்பானது, நிலா இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. நம் வண்டி விளக்கில் மின்னுவது அதுதான். அந்தக் கண்ணுக்கு அமாவாசை இரவின் விண்மீன் ஒளியே மேயப் போதும். பிறகு எதற்காகப் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் புத்த பூர்ணிமை இரவில் பரணில் உட்கார்ந்து நீர்நிலைக்கு வரும் விலங்குகளை எண்ணும் வழக்கம் உண்டு. 2011 ஆகஸ்டில் இலங்கையில் நீர்நிலைகளில் யானைகளை எண்ணி 5,879 என்று அறிவித்தபோதும் பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அன்று விலங்குகள் அதிகம் வரும் என்பதற்காக அன்று. எண்ணுகிறவருக்குக் கண் தெரியும் என்பதற்காக. ‘நிலவு நாளில் மான் அதிகம் நடமாடும்’ என்ற பேச்சில் பாதி இப்படிப் பிறந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கூடலூரான் (நீலகிரி), 15 அக்டோபர் 2025

மேலே ஓர் எழுத்துப் பிழை. ‘அன்று விலங்குகள் அதிகம் வரும் என்பதற்காக அல்ல’ என்று படிக்கவும். ஒரு சொல்லில் பொருளே கவிழ்ந்துவிட்டது.

வைகறை (விஸ்கான்சின்), 16 அக்டோபர் 2025

கூடலூரான் தம்பியின் விளக்கம் என்னை யோசிக்கவைத்தது. எங்கள் விஸ்கான்சினின் வடபகுதியில் ஓநாய்கள் இருக்கின்றன. அங்கே கதை வேறாக இருக்கலாம் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நான் மான் குறைவாகப் பார்க்கிறேன் என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஐயம் இல்லை. சம இரவு நாளை ஒட்டி வரும் பௌர்ணமியாகிய அறுவடை நிலாவுக்கு அடுத்த பௌர்ணமியை வேட்டைக்காரர் நிலா என்று இவர்கள் சும்மாவா பெயரிட்டார்கள்?

கணக்கன் (ஒஹாயோ), 16 அக்டோபர் 2025

பெயருக்குக் காரணம் உண்டு, ஐயா. அந்தப் பருவத்தில் நம் அட்சரேகையில் நிலா அடுத்தடுத்த மாலைகளில் 50 நிமிடம் தாமதிக்காமல் அரை மணி அளவே தாமதித்து எழுகிறது. அறுவடை முடிந்து வெறுமையான வயல்களில் தொடர்ந்து சில நாள் அந்தி மயங்கியதும் வெளிச்சம் கிடைக்கும். பழைய காலத்து வேட்டைக்காரருக்கு அது உதவியது. மறுபடியும் அது மனிதனின் கண்ணுக்கு வந்த வசதி.

பௌர்ணமி மறுநாள் காலையைப் பொறுத்தவரை, நீங்கள் முந்தின இரவு நிலவைப் பார்த்துவிட்டு, ‘நாளை ஒன்றும் வராது’ என்று நினைத்துக்கொண்டு போகிறீர்கள். ஒன்பது மணிக்கு இறங்கிவிடுவீர்கள் அல்லவா? மற்ற நாள்களில் பதினொன்று வரை இருப்பீர்கள். குறிப்பேட்டில் மான் வந்த நேரம் இருக்கும், நீங்கள் இறங்கிய நேரம் இருக்காது.

எல்லாருடைய குறிப்பேட்டுக்கும் ஒரு சிறு திருத்தமும் சொல்கிறேன். பலர் ‘நிலா 50 விழுக்காடு’ என்று எழுதுகிறார்கள். அரை நிலா பௌர்ணமியின் பாதி வெளிச்சத்தைத் தருவதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. நவம்பரில் நம் பக்கத்து வானம் பாதி நாள் மேகம் மூடிக் கிடப்பதையும் சேர்த்துக்கொண்டால், பிறையை மட்டும் எழுதுவது வெளிச்சத்தை எழுதியதாகாது.

மலையோரன் அவர்களுக்கு என் யோசனை: இந்தப் பருவத்தில் சோலூனார் நேரம் காட்டும் செயலி இருந்தால், அதைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். ஏறிய நேரம், இறங்கிய நேரம், மான் வந்த நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள்; ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். மூன்று பெண்மான் சேர்ந்து வந்தால் அது ஒரு வருகைதான், மூன்று அல்ல. அட்டவணையை வீட்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும். பருவம் முடிந்த பிறகு ஒப்பிடுங்கள்.

தமிழரசி (டெக்சாஸ்), 17 அக்டோபர் 2025

நிலாவுக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்று மலையோரன் கேட்டிருந்தார். எந்த ஓக் மரத்தடியில் அந்த வாரம் கொட்டை உதிர்கிறது என்பதைப் பாருங்கள். குளிர்கால மயிர் முளைத்த பிறகு வெயில் அடிக்கும் நாளில் மான் பகலில் அசைவதில்லை. காற்று குளிர்ந்த நாளில் போங்கள். எல்லாவற்றையும் விட, ஒரே பரணில் அடுத்தடுத்து உட்காராதீர்கள். தென் கரோலைனாவில் கழுத்துப்பட்டை மாட்டிய பெண்மான்களைப் பார்த்தபோது, வேட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டுப் போன பரணின் சுற்றுப்புறத்தை அவை சில நாள் பகலில் தவிர்த்தன. மேஜர் பொய்த்தது என்று நாம் சொல்லும் நாளில், முந்தின நாள் அதே மரத்தில் நாமே விட்டுவந்த வாடை கிடந்திருக்கும்.

மலையோரன் (பென்சில்வேனியா), 14 டிசம்பர் 2025

பருவம் முடிந்து, கணக்கன் சொன்ன முறையில் எழுதிய கணக்கோடு வந்திருக்கிறேன். அட்டவணையை என் மனைவி தன் அலுவலகப் பையில் வைத்திருந்தார். இரண்டு மாதமும் ஒரு முறைகூட எட்டிப்பார்க்கவில்லை. நேற்று இரவு உணவுக்குப் பிறகு இருவரும் மேசையில் உட்கார்ந்து, நான் நேரத்தை வாசிக்க, அவர் அட்டவணையைப் பார்த்து ‘உள்ளே’, ‘வெளியே’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மொத்தம் 52 மணி நேரம் பரணில் இருந்திருக்கிறேன். அதில் 15 மணி நேரம் மேஜர் அல்லது மைனருக்குள் விழுந்திருக்கிறது. மான் வருகை 23. அவற்றில் 8 அட்டவணைக்கு உள்ளே, 15 வெளியே. இருந்த நேரத்தின் விகிதத்தில் பார்த்தால் ஆறு அல்லது ஏழு உள்ளே விழுந்திருக்க வேண்டும், எட்டு விழுந்திருக்கிறது. 23 இல் 16 வருகைகள் சூரியன் எழுந்த அல்லது மறைந்த நேரத்துக்கு ஒன்றரை மணிக்குள் நடந்தவை. ஒன்றும் வராமல் திரும்பிய நாள் ஐந்து.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நவம்பர் 8, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன், இதுவரை என் வாழ்நாளில் நான் வேட்டையாடியவற்றுள் பெரிய மான், எட்டுக் கிளைக் கொம்பு, பெண்மான் ஒன்றைத் துரத்திக்கொண்டு நேரே என் பரணுக்கு அடியில் வந்தது. இங்கே ஆண்டுக்கு ஓர் ஆண்மான்தான் என்பதால், அதன் பிறகு பெண்மான் உரிமத்தோடு மட்டுமே உட்கார்ந்தேன். நேற்று இரவு அந்த நாளுக்கு வந்தபோது, என் மனைவி அட்டவணையை இரண்டு முறை பார்த்துவிட்டு, ‘மேஜர், சரியாக நடுவில்’ என்றார்.

கணக்கன் (ஒஹாயோ), 14 டிசம்பர் 2025

வாழ்த்துகள். நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஆண்மான் நண்பகலிலும் பிற்பகலிலும் பெண்மானைத் தேடி அலையும். அந்த வருகைக்கு நிலா தேவையில்லை. ஆறரைக்கு எட்டு என்பது இந்த அளவுக் கணக்கில் வேறுபாடே அல்ல; ஒரே ஒரு பெண்மான் பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் ஏழாகியிருக்கும். இன்னும் நான்கைந்து பருவம் இதே முறையில் எழுதினால் ஏதாவது சொல்லலாம்.

மலையோரன் (பென்சில்வேனியா), 15 டிசம்பர் 2025

எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 23, 8, 15 எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்துபோய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நவம்பர் 8 ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

வைகறை (விஸ்கான்சின்), 15 டிசம்பர் 2025

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தம்பி. வரும் பருவத்தில் நானும் ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் எழுதுகிறேன். அட்டவணையை மகளிடம் கொடுத்துவைக்கிறேன். செயலியை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். சூரியன் மறையும் நேரத்தையும் நான் அதில்தான் பார்க்கிறேன்.